மோட்டார் காரும் மரியாதையும்

மோட்டார் கார் வாங்க நினைக்கும் தோழர்கள் சிலர், "கையில் இருக்கும் பணம் இவ்வளவுதான், ஆனால் நாலு பேர் மதிக்கும்படியான காராகவும் இருக்க வேண்டும், எதை வாங்கலாம்?" என்று நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். நாம் கார் வியாபாரியும் அல்ல, தரகனும் அல்ல. என்றாலும் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இது ஒரு கேள்வி அல்ல, இரண்டு கேள்விகள். ஒன்று பணத்தைப் பற்றியது. மற்றொன்று மரியாதையைப் பற்றியது. பணத்தைப் பற்றிய கேள்விக்குக் கடைக்காரனே பதில் சொல்லிவிடுவான். மரியாதையைப் பற்றிய கேள்விக்கும் அவனையே பதில் சொல்லும்படி விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. மரியாதை என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் நமது இயக்கத்துக்கு இதில் இரண்டு வார்த்தை சொல்லக் கடமை உண்டு என்று கருதுகிறோம்.

முதலாவதாக, "உனக்கெதற்குக் கார்? ஆசையை அடக்கு, எளிமையாய் இரு" என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. அப்படி உபதேசம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் காரில் வந்து இறங்கித்தான் அதைச் செய்கிறார்கள். ஏழைக்கு எளிமையையும், தாழ்த்தப்பட்டவனுக்கு அடக்கத்தையும் போதிப்பது இந்த நாட்டில் வெகுகாலமாக நடந்துவரும் தொழில். அந்தத் தொழிலின் யோக்கியதையை அறிய ஒரே ஒரு உதாரணம் போதும். 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இராமநாதபுரம் ஜில்லாவில் மேல்ஜாதிக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன் நகை, வெள்ளி நகை போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேஷ்டி கட்டக்கூடாது, சட்டை, பனியன் போடக்கூடாது, கிராப்பு வைத்துக்கொள்ளக்கூடாது, வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலுக்குச் செருப்புப் போடக்கூடாது. இவைதான் அந்தத் தடைகள். குடைக்கும் செருப்புக்கும் இந்தப் பாடு என்றால், வண்டி வாகனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

அது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று யாராவது சொல்வார்களானால், அவர்கள் பத்திரிகை வாசிப்பதில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. 2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் மோட்டார் சைக்கிளில் போனதற்காகத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள் என்று புகார் எழுந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. வடநாட்டில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாப்பிள்ளை குதிரையில் ஏறி ஊர்வலம் வருவதற்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருக்கிறது. ஆகவே ஒருவன் நல்ல வண்டி ஒன்றில் ஏறித் தலை நிமிர்ந்து தெருவில் போக ஆசைப்படுவதைப் பார்த்து நாம் சிரிக்க மாட்டோம். அந்த ஆசைக்குப் பின்னால் அவனுடைய பாட்டன் பட்ட அவமானம் நின்றுகொண்டிருக்கிறது.

அந்த ஆசையைச் சரியான வழியில் செலுத்திக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். திருவாங்கூர் ராஜ்யத்தில் புலையர் வகுப்பில் பிறந்த அய்யன்காளி, 1893-ஆம் வருஷத்தில், ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கித் தலைப்பாகை கட்டிக்கொண்டு, தம் மக்கள் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த பாதையில் அதை ஓட்டிப்போனார். தடுக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார். நமது பக்கத்திலும், 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்டார். பணம் கொடுத்தாலும் பஸ்ஸில் இடம் இல்லை என்றிருந்த மனிதனுக்கு அந்த உத்தரவால் இடம் கிடைத்தது.

இந்த இரண்டிலும் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அய்யன்காளியின் வில்வண்டி எத்தனை ரூபாய் பெறும், அது உயர்ந்த ரகமா தாழ்ந்த ரகமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வண்டி போன வழியில் அவருக்குப் பின்னால் எத்தனை பேர் நடந்தார்கள் என்பதுதான் அதன் மதிப்பு. அவர் தமக்கு மட்டும் மரியாதை தேடிக்கொள்ளவில்லை, வழியைத் திறந்துவிட்டார். இன்றைக்கு "மதிப்பான கார்" என்று விற்கப்படுவதும் வாங்கப்படுவதும் அந்த மாதிரியானதுதானா என்பதே நமது கேள்வி.

இதற்குப் பதில் காண, கார் என்னும் வஸ்து பெருகி வளர்ந்த அமெரிக்காவுக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும். அங்கே ஹென்றி ஃபோர்டு 1908-ஆம் வருஷத்தில் "மாடல் டி" என்ற காரை 850 டாலருக்கு விற்கத் தொடங்கினார். பிறகு விலையைக் குறைத்துக்கொண்டே போய், 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே கொண்டுவந்தார். 1927-இல் அந்த மாடலை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி கார்கள் செய்து தீர்ந்திருந்தன. 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் ஒன்றுதான். டாக்டருக்கும் அதே கார், குடியானவனுக்கும் அதே கார். ஃபோர்டு பெரிய தருமவான் என்று நாம் சொல்ல வரவில்லை. யூதர்களைத் தூற்றிய பத்திரிகையை நடத்தியவர் அவர். ஆனால் அவருடைய காரைப் பார்த்து அதில் இருப்பவன் மேலா கீழா என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்தது என்பது மட்டும் உண்மை.

இந்தக் கஷ்டத்தைப் போக்க வந்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன். ஒவ்வொருவன் பணப்பைக்கும் ஏற்றபடி ஒரு கார் என்று 1924-இல் அவர் பிரகடனம் செய்தார். அடிப்படியில் செவ்ரோலே, அதற்கு மேலே போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக், உச்சிப்படியில் காடிலாக். கீழ்ப்படிக்காரன் மேல்படியைப் பார்த்து ஏங்க வேண்டும். மேல்படிக்காரன் கீழ்ப்படியைப் பார்த்துப் பூரிக்க வேண்டும். இது போதாதென்று வருஷத்துக்கு வருஷம் காரின் உருவத்தை மாற்றி, சென்ற வருஷத்துக் கார் பழசு என்று ஊருக்குத் தெரியும்படி செய்தார்கள். ஏங்குகிறவன் கையில் பணம் இல்லாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி முன்கூட்டியே இருந்தது. தவணைக் கடன் கொடுப்பதற்கென்று அந்தக் கம்பெனி 1919-ஆம் வருஷத்திலேயே தனிக் கம்பெனி ஒன்றை ஏற்படுத்தியிருந்தது.

இதை வாசிக்கும்போது நமது வாசகர்களுக்கு எது ஞாபகம் வரும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. நமது வருணாசிரம தர்மமும் இப்படிப்பட்ட ஏணிதான். ஒரு வித்தியாசம் உண்டு. நமது ஏணியில் பிறந்த படியிலேயே சாக வேண்டும், ஸ்லோன் ஏணியில் காசு கொடுத்தால் ஏறலாம். ஆனால் இரண்டுக்கும் உயிர் இருப்பது ஒரே இடத்தில்தான். நமது ஏற்பாட்டைப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று டாக்டர் அம்பேத்கர் சொன்னார். நடுப்படியில் இருப்பவன் தன் தலைமேல் உள்ள காலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தன் காலின்கீழ் ஒரு தலை இருக்கிறதே என்று திருப்தியடைந்துவிடுகிறான். "மதிப்பான கார்" என்பதற்கும் அர்த்தம் இதுவேதான். எல்லோரிடமும் இருந்துவிட்டால் அதற்கு மதிப்புப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரனிடம் இல்லாதிருப்பதே அதன் மதிப்பு. பிறனுடைய இல்லாமையில் இருந்து பிறக்கும் இந்த மரியாதைக்குச் சுயமரியாதை என்று பேர் வைக்க முடியுமா?

அந்த அமெரிக்காவிலேயே கறுப்பு மக்களின் அனுபவத்தையும் பார்ப்போம். 1930-களின் தொடக்கத்தில் காடிலாக் காரைக் கறுப்பருக்கு விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கையாக இருந்ததாம். காசு படைத்த கறுப்புக் குத்துச்சண்டை வீரர்களும், பாடகர்களும், டாக்டர்களும் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கூலி கொடுத்து, அவன் பெயரில் வாங்கிக்கொண்டார்களாம். நல்ல வீதியில் வீடு வாங்க முடியாது, நல்ல ஓட்டலில் தங்க முடியாது. அவர்கள் காசு கொடுத்து வாங்கக்கூடிய கௌரவம் கார் ஒன்றுதான். வியாபாரம் படுத்துப்போன காலத்தில் இதைக் கண்டுபிடித்த அதிகாரி ஒருவர், அவர்களுக்கே நேராக விற்கலாம் என்று சொல்லிக் கம்பெனியைக் காப்பாற்றினார் என்று பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். கறுப்பர் கௌரவம் தேடினார்கள், பிழைத்துக்கொண்டது கம்பெனி. ஓட்டலின் கதவு அப்போதும் மூடியேதான் இருந்தது.

கதவு எப்படித் திறந்தது என்றால், விலை உயர்ந்த காரால் அல்ல. 1955-ஆம் வருஷம் டிசம்பரில் மாண்ட்கமரி என்ற ஊரில், கறுப்பர்கள் பஸ்ஸில் எழுந்து நின்று வெள்ளையருக்கு இடம் விட வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்து, கறுப்பு மக்கள் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்தினார்கள். 381 நாள் நிறுத்தினார்கள். வேலைக்கு நடந்தே போனார்கள். அவர்களில் கார் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விசேஷம். சுமார் 300 கார்கள் ஒன்றுசேர்ந்து, முறை வைத்துக்கொண்டு, வீட்டு வேலைக்காரிகளையும் கூலிக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போய் விட்டன. கடைசியில் பஸ்ஸில் இருந்த நிறபேதம் சட்டப்படி ஒழிந்தது. அந்த 300 கார்களில் எது செவ்ரோலே, எது காடிலாக் என்று இன்றைக்கு யார் கேட்கிறார்கள்? அய்யன்காளியின் வில்வண்டிக்கு உறவு முறையில் வருவது அந்தக் கார்கள்தான்.

நிற்க, நமது நாட்டுக்கு வருவோம். 2008-ஆம் வருஷம் ஜனவரியில் ரத்தன் டாட்டா "நானோ" என்ற சின்னக் காரை டில்லியில் காட்டினார். மழையில் ஒரே ஸ்கூட்டரில் புருஷன், மனைவி, குழந்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு போவதைப் பார்த்து அந்த யோசனை வந்ததாகச் சொன்னார். விலை ஒரு லட்சம் ரூபாய் என்றார்கள். உலகத்திலேயே மலிவான கார் என்று பேர் வாங்கிற்று. குஜராத்தில் சானந்து என்ற இடத்தில் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்யத் தொழிற்சாலை கட்டினார்கள். எந்த வருஷத்திலும் அதில் பாதிகூட விற்கவில்லை. 2018-இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றேபோயிற்று.

தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. மேற்கு வங்காளத்தில் சிங்கூரில் குடியானவர் நிலத்தை எடுத்ததனால் ஏற்பட்ட கிளர்ச்சியில் தொழிற்சாலையை மாற்ற வேண்டியதாயிற்று. சில கார்களில் தீப்பிடித்தது. விலையும் பிறகு ஒரு லட்சத்தில் நிற்கவில்லை. 2014-இல் செய்யப்பட்ட மோதல் சோதனையில் அது ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. இவை யாவும் வாஸ்தவமே. ஆனால் ரத்தன் டாட்டாவே பிற்பாடு, 2013-இல், "மலிவான கார்" என்று பேர் வைத்து விற்றது துரதிர்ஷ்டமானது என்று ஒப்புக்கொண்டார். அதாவது, மழையில் நனைந்துகொண்டு போன அந்தக் குடும்பம், நனையாமல் போக ஒரு கார் வந்தபோது, "மலிவான கார்க்காரன்" என்று ஊர் சொல்லுமே என்று அஞ்சிற்று. ஏழை என்ற பேருக்கு அஞ்சுவது, ஏழ்மைக்கு அஞ்சுவதைவிடப் பெரிதாய்ப் போய்விட்டது. இந்த அச்சத்தை நாம் குற்றம் சொல்லவில்லை. இந்த அச்சத்தை உண்டாக்கிய சமூகத்தைக் குற்றம் சொல்லுகிறோம். 2019-21 வருஷங்களில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி இந்த நாட்டில் கார் உள்ள குடும்பம் நூற்றுக்குச் சுமார் 8 தான். மீதி 92 குடும்பத்துக்கும் மரியாதை இல்லையென்றா அர்த்தம்?

இனி அந்த மரியாதையின் விலையைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்குப் பார்க்கிறவனைக் கருமி என்று கேலி செய்வது கடன் கொடுப்பவனுக்கு லாபமே தவிர வேறு யாருக்கும் லாபமில்லை. 6 லட்ச ரூபாய்க் காரே தன் குடும்பத்துக்குப் போதும் என்றிருந்த ஒருவர், "அது மதிப்பாயிருக்காது" என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு, 12 லட்ச ரூபாய்க் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருந்த 2 லட்சத்தைக் கட்டிவிட்டு, 10 லட்சத்தை நூற்றுக்கு 9 வட்டியில் 7 வருஷக் கடனாக வாங்குகிறார். மாதத் தவணை சுமார் 16,090 ரூபாய். ஏழு வருஷமும் கட்டி முடித்தால் கடனுக்கு மட்டும் 13 லட்சத்து 51 ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. வட்டி மாத்திரம் மூன்றரை லட்சம்.

அவர் நாலு வருஷம் ஒழுங்காகக் கட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். முன்பணத்தோடு சேர்த்து 9 லட்சத்து 72 ஆயிரம் கொடுத்தாயிற்று. இன்னும் நிற்கும் கடன் 5 லட்சத்துச் சொச்சம். கார் என்ன விலைக்கு ஆகும்? இன்ஷூரன்சில் காரின் மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் தாண்டினால் நூற்றுக்கு 20 கழிவு. இரண்டு தாண்டினால் 30. மூன்று தாண்டினால் 40. நாலு தாண்டினால் 50. ஆக 12 லட்சம் 6 லட்சமாகிவிட்டது. சந்தையில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். அதை விற்றுக் கடனை அடைத்தால் கையில் நிற்பது ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஏறக்குறைய 9 லட்சத்து 72 ஆயிரம் கொடுத்தவனுக்கு மிச்சம் ஒரு லட்சம்! இதற்கு நடுவில் பெட்ரோல், டயர், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் செலவுகள் வேறு. இந்தப் பணத்தில் ஒரு பெண்ணை எஞ்சினீயர் படிப்புப் படிக்க வைக்கலாம். படிப்புக்குக் கடன் வாங்கத் தயங்கிப் பெண்ணைப் பள்ளியோடு நிறுத்தும் தகப்பன், காருக்குக் கடன் வாங்கத் தயங்குவதில்லை என்றால், மரியாதை என்பதை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். மாப்பிள்ளைக்குக் கார் கொடுப்பது இன்று கல்யாணச் சடங்கில் ஒன்றாகிவிட்டது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ஆம் வருஷத்திலேயே வந்துவிட்டது. அறுபது வருஷம் கழித்து, 2021-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், படிப்பில் சிறந்த நாடு என்று பேர் வாங்கிய கேரளத்தில், கொல்லம் மாவட்டத்தில், ஆயுர்வேத வைத்தியம் படித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி புருஷன் வீட்டில் தற்கொலை செய்துகொண்டாள். கொடுத்த கார் தன் அந்தஸ்துக்குப் போதாது என்று அவன் அவளைக் கொடுமைப்படுத்தி வந்தான் என்பது வழக்கு. அவன் மோட்டார் வாகன இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்தவன். 2022 மே மாதத்தில் கோர்ட்டு அவனுக்குப் பத்து வருஷச் சிறைத்தண்டனை விதித்தது. காரினால் மதிப்பு வருகிறது என்ற நம்பிக்கை இப்படித்தான் முடியும். காருக்கு மதிப்பு ஏற ஏற, பெண்ணுக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வருகிறது.

அடுத்தபடியாக, கார் வாங்கின அன்று நடக்கும் கூத்து. மூளையைச் செலவழித்து எஞ்சினீயர்கள் செய்த யந்திரத்தை, நல்ல நேரம் பார்த்து வெளியே எடுத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, புரோகிதருக்குத் தட்சணை கொடுத்து, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். நம்பர் கூட்டினால் எட்டு வரக்கூடாது என்பார்கள். ராசியான நம்பருக்குத் தனிப்பணம் கட்டுவார்கள். 2025-ஆம் வருஷம் செப்டம்பரில் டில்லியில் நடந்த சம்பவம் இதற்கெல்லாம் நல்ல பதில். முதல் மாடியில் இருந்த கார்க் கடையில், புதுக் கார் வாங்கியவர் எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றப் போய், ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டார். கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் வந்து விழுந்தது. நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. காரில் இருந்த ஏர்பேக் விரிந்ததாம். ஆபத்தைத் தடுக்க வைத்த எலுமிச்சம்பழம் ஆபத்தைக் கொண்டுவந்தது. ஆபத்தில் உதவியது மனிதன் தன் அறிவினால் செய்துவைத்த ஏர்பேக்.

இதில் வெட்கப்பட வேண்டிய சங்கதி இன்னொன்றும் உண்டு. 2014-இல் நமது நாட்டில் நிறைய விற்றுக்கொண்டிருந்த சின்னக் கார்களை மோதிப் பார்த்துச் சோதித்தபோது, நானோவோடு சேர்த்து ஐந்து கார்கள் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அவற்றில் ஏர்பேக் இல்லை. ஓட்டுகிறவருக்கு ஓர் ஏர்பேக் கட்டாயம் என்ற விதியே 2019 ஜூலையில்தான் வந்தது. நமது ஜனங்கள் கம்பெனிக்காரனிடம் அதை ஏன் கேட்கவில்லை? ஏர்பேக் மடிந்து உள்ளே கிடக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாது. பளபளக்கும் சக்கரமும் திறக்கும் கூரையும் தெருவுக்குத் தெரியும். பிறர் கண்ணுக்காக வாங்குகிறவன் தன் உயிருக்காகக் கேட்க மறந்துவிடுகிறான். காருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற பகுத்தறிவும், ஏர்பேக் இல்லாத காருக்கு அலங்காரம் செய்கிற பகுத்தறிவும் ஒன்றேதான்.

இன்னும் சிலர் காரின் பின் கண்ணாடியில் தங்கள் ஜாதிப் பெயரை எழுதிக்கொண்டு திரிகிறார்கள். காருக்கும் பூணூல் போட்டாயிற்று! 2025 செப்டம்பரில் உத்தரப்பிரதேச அரசாங்கம் வண்டிகளில் ஜாதிப் பெயர் எழுதுவதைத் தடுத்து உத்தரவு போட வேண்டியதாயிற்று. 2017 மே முதல் தேதியோடு மந்திரிகளின் காரில் இருந்த சிவப்பு விளக்கு போயிற்று. விளக்குப் போனாலும் விளக்கு ஆசை போகவில்லை. "போலீஸ்", "வக்கீல்", "பத்திரிகை" என்று ஒட்டிக்கொண்டு போகிறவர்கள்மீது 2024 மே மாதத்தில் சென்னைப் போலீசார் நடவடிக்கை எடுக்க வேண்டி வந்தது. வழிவிடு, நான் உனக்கு மேலே என்று சொல்வதற்கே இவ்வளவு பாடும்.

அப்படியானால் எந்தக் காரைத்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். நமக்குத் தோன்றியதைச் சொல்லுகிறோம்.

கார் வேண்டியதுதானா என்று முதலில் பாருங்கள். மாதத்தில் நாலு நாளுக்குத்தான் தேவை என்றால் வாடகைக் கார் போதும். தேவைதான் என்றால், வீட்டில் எத்தனை பேர், எந்தச் சாலையில், தினம் எத்தனை மைல் என்று கணக்கெடுங்கள். வயதான தாயார் ஏறி இறங்க முடியுமா, மனைவியும் மகளும் ஓட்டக் கற்றுக்கொள்ள வசதிப்படுமா என்று பாருங்கள். விலையை மட்டும் பார்க்காமல் வரி, இன்ஷூரன்ஸ், பெட்ரோல், வட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தாலும், ஒரு மாதம் சம்பளம் நின்றாலும், தவணை கட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அது உங்களுக்கு ஏற்ற கார் அல்ல. அதன் பேர் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் சரி. கண்ணுக்குத் தெரியும் அலங்காரத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புக்குக் கொடுங்கள். 2023 அக்டோபர் முதல் நமது நாட்டிலேயே காருக்கு மோதல் சோதனை செய்து நட்சத்திரம் போடும் ஏற்பாடு வந்திருக்கிறது. கடைக்காரனிடம் ராசியான நிறம் எது என்று கேட்காமல் நட்சத்திரம் எத்தனை என்று கேளுங்கள். ஜாதகத்து நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் பார்த்துச் சொன்ன பழைய காரை ரொக்கத்துக்கு வாங்குவதில் ஒரு அவமானமும் இல்லை. இரவலுக்குப் பட்டு கட்டுவதைவிடச் சொந்தத்தில் கைத்தறி கட்டுவது மேல்.

வாங்கின பிறகு அந்தக் காரைக் கொண்டு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மதிப்பு இருக்கிறது. சேரியில் பிரசவ வலி கண்ட பெண்ணை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார், எவ்வளவு மலிவானதானாலும் மதிப்பான கார். எந்த ஜாதிக்காரனோ என்று யோசித்து, சாலையில் அடிபட்டவனை ஏற்றாமல் போன கார், அரைக் கோடி ரூபாய் ஆனாலும் குப்பை வண்டிக்குச் சமானம் ஆகாது. குப்பை வண்டியாவது ஊரைச் சுத்தம் செய்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுங்கள். உங்களைத் தடுக்கும் தெரு ஏதாவது இருந்தால் அந்தத் தெரு வழியாகவே போங்கள். தனியாகப் போகாமல் தடுக்கப்பட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள். கார் இல்லாதவன் எதிரே வந்தால் ஹாரன் அடித்து ஒதுக்காதீர்கள். வீதி அவனுக்கும் சொந்தம். அந்த உரிமைக்காகத்தான் 1924-இல் வைக்கத்தில் நம்மவர்கள் சிறை போனார்கள்.

தோழர்களே! காரைப் பார்த்து எழுந்து நிற்கிறவன் உங்களுக்காக நிற்கவில்லை, காருக்காக நிற்கிறான். நாளைக்கு அதைவிடப் பெரிய கார் வந்தால் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே போய் நிற்பான். அப்படிப்பட்டவன் தரும் மரியாதைக்கு ஏழு வருஷம் தவணை கட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. காரை வாங்குங்கள், மழைக்கும் வெயிலுக்கும் தூரத்துக்கும் வாங்குங்கள். மரியாதைக்கென்று வாங்காதீர்கள். மரியாதை கடையில் விற்பதானால், அது இல்லாதவர்களுக்காக இந்த இயக்கம் 1925-இல் தோன்ற வேண்டிய அவசியமே இருந்திருக்காது.